கப்பல் எந்தப் பக்கத்தில்?

மன்னார்ப் பிள்ளைகளுக்குக் கழுதையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீதியின் நடுவில் கழுதை நிற்கும். பஸ் ஹோர்ன் அடிக்கும். கழுதை யோசிக்கும். கடைசியில் பஸ்தான் விலகிப் போகும். அமைச்சர் வந்தாலும் அதே கதைதான். அமைச்சரின் மாமியார் வந்தாலும் அதே கதைதான்.

அதனால்தான், அட்டையில் கழுதைப் படம் போட்ட அந்தப் புத்தகத்தை நுஸ்ரியா வாசிக்கவில்லை.

"கழுதையைப் பற்றி எனக்குத் தெரியாததா?" என்று நினைத்தாள். "அதுவும் எங்கட பக்கத்து ஆள் எழுதினது. என்ன பெரிசா இருக்கப் போகுது?"

நுஸ்ரியா ஆறாம் தரத்தில் படிக்கிறாள். அது வாசிப்பு மாதம். வகுப்பாசிரியர் றோய் சேர் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தார். எல்லாமே மன்னார், முருங்கன், முசலி என்று சுற்றுவட்டாரத்து எழுத்தாளர்கள் சிறுவர்களுக்காக எழுதியவை.

"வெள்ளிக்கிழமையில ஓராள் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ய வேணும்," என்றார் சேர். "நல்லா இருந்தால் நல்லா இருக்கு எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டில் இல்லை எண்டு சொல்லுங்கோ. ஆனால் வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ."

கடைசி வசனத்தைச் சேர் சொன்னபோது நுஸ்ரியா பென்சில் தீட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் வெள்ளிக்கிழமையே அவளுடைய முறை வந்தது. புத்தகத்தின் பெயர் 'பஸ்ஸுக்கு நின்ற கழுதை'. எழுதியவர் விடத்தல்தீவு அன்ரோனெற். இந்த இரண்டையும் நுஸ்ரியா அட்டையைப் பார்த்துச் சரியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சொன்ன ஒன்றும் சரியில்லை.

"இந்தக் கழுதை பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு அலுத்துப் போச்சு," என்று தொடங்கினாள். "அதால ஒரு கப்பலில ஏறிச்சுது. ஏறிப் பாத்தால் அது கடற்கொள்ளைக்காரரின்ட கப்பல்!"

"ஐயோ!" என்றான் பின்வரிசை வாங்கில் இருந்த றிபாத்.

"கழுதை விட்டுது ஓர் உதை! தலைவன் பறந்துபோய் மன்னார்க் கோட்டை மதிலில விழுந்தான். இன்னோர் உதை! மிச்சப் பேர் எல்லாம் கடலுக்குள்ள. கழுதை கழுத்து நிறைய முத்துமாலையோட பாலத்தால நடந்து வந்துது. பாண்ட் வாத்தியம் அடிச்சு வரவேற்றவை!"

வகுப்பு எழும்பி நின்று கைதட்டியது. தலைமன்னாரில் தூங்கிக்கொண்டிருந்த மீன்கள் எல்லாம் திடுக்கிட்டு எழும்பியிருக்கும், அவ்வளவு கைதட்டல்.

புத்தகத்தை வாங்க முதல் ஆளாக ஓடிவந்தவள் சுவேதினி. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். சுவேதினிக்கும் எழுத்துகளுக்கும் எப்போதும் சண்டை. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வைத்துத்தான் வாசிப்பாள். ஒரு புத்தகத்தையும் அவள் இதுவரை முடித்ததில்லை.

"கப்பலில கழுதையா! எனக்குத் தா," என்று இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் சுவேதினியின் முகம் முழுவதும் சிரிப்பு.

"சேர், நான் முடிச்சிட்டன்!"

"உண்மையாவோ?" றோய் சேர் கதிரையிலிருந்து எழும்பியேவிட்டார். "கெட்டிக்காரி! எந்த இடம் பிடிச்சது?"

"கொண்டக்டர் மாறிப் போற இடம், சேர்."

"கொண்டக்டரா?" என்றான் றிபாத். "கப்பலுக்குள்ள ஏது கொண்டக்டர்?"

சுவேதினியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "கப்பல்... கப்பலை நான் காணேல்லை."

வகுப்பு வெடித்தது.

"கப்பலைக் காணேல்லையாம்!"

"அவ்வளவு பெரிய கப்பல்! அதுவே தெரியேல்லையாம்!"

"எழுத்துக் கூட்டி வாசிக்கேக்க கப்பல் போயிட்டுதாக்கும்!"

சேர் மேசையில் தட்டினார். சிரிப்பு அடங்கியது. சுவேதினி குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

நுஸ்ரியா பென்சிலைத் தீட்டத் தொடங்கினாள். 'கப்பல் இல்லை' என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு சொல்லையும் அவள் சொல்லவில்லை. அவளுடைய காதுகள் சுட்டன. அந்தச் சூட்டில் ஒரு சட்டி கணவாய் மீன் பொரித்து எடுத்திருக்கலாம்.

இடைவேளையில் சுவேதினி அவளைத் தேடி வந்தாள்.

"நுஸ்ரியா, கப்பல் எந்தப் பக்கத்தில வருது? சொல்லு. நான் ரெண்டு தரம் வாசிச்சிட்டன். எனக்குத்தான் எங்கயோ பிழைச்சிட்டுது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நுஸ்ரியா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நடுவில... நடுவில எங்கயோ வரும்."

மறுநாள் சுவேதினி புத்தகத்தைக் கொண்டுவந்து நுஸ்ரியாவின் மேசையில் வைத்தாள்.

"திரும்பவும் பாத்திட்டன். நடுவிலயும் இல்லை. எனக்கு வாசிப்பு வராதடி, விடு. இனிமேல் நான் ஒரு புத்தகமும் எடுக்க மாட்டன்."

கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சுவேதினி அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று வீட்டில் நுஸ்ரியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன மகள்," என்றார் உம்மா, "பாரை மீனுக்கே முகத்தைத் திருப்புறாய்? காய்ச்சலா?"

"இல்லை உம்மா. புத்தகம் வாசிக்க வேணும்."

"நீயா?" உம்மா அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப காய்ச்சல்தான்."

நுஸ்ரியா யன்னலோரம் இருந்து முதற்பக்கத்தைத் திறந்தாள்.

ஒரு கழுதை. தினமும் காலையில் பஸ் தரிப்பிடத்தில் ஆட்களோடு வரிசையில் நிற்கும். முருங்கன் பஸ் வந்ததும் கொண்டக்டர் இறங்கி அதற்கு வாழைப்பழத் தோல் கொடுப்பார். "ரிக்கெற் எடுத்தாச்சோ?" என்று கேட்பார். கழுதை தலையை ஆட்டும். நுஸ்ரியா வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு ஒருநாள் கொண்டக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். கழுதை அதே இடத்தில் வந்து நின்றது. பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை. மறுநாளும் வந்து நின்றது. நுஸ்ரியாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் பஸ்ஸுக்கு வரும் சனங்களே ஆளுக்கொரு தோலாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கழுதை கொழுத்து, பஸ் கதவை மறைக்கும் அளவுக்கு ஊதிப்போனது.

அவ்வளவுதான் கதை. கப்பல் இல்லை. அதற்குக் கப்பல் தேவைப்படவும் இல்லை.

'கொண்டக்டர் மாறிப் போற இடம்,' என்று சுவேதினி சொன்னாளே. புத்தகத்திலேயே நல்ல இடம் அதுதான். அதை விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தவளைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நுஸ்ரியா சும்மா இருந்தாள்.

புத்தகத்தை மூடி அதற்குப் பின்னால் முகத்தை ஒளிக்கப் பார்த்தாள். அது சின்னப் புத்தகம். முகம் வெளியேதான் தெரிந்தது.

'சுவேதினியிட்ட மட்டும் இரகசியமாச் சொல்லுவம்,' என்று யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். வகுப்பு முழுவதும் சிரித்திருக்கிறது. ஒரு காதுக்குள் சொன்னால் மற்றக் காதுகளுக்கு யார் சொல்வது?

காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கழுதை வீதியில் நின்றது. தினமும் பார்க்கிற கழுதைதான். அன்றுதான் நுஸ்ரியா அதன் முகத்தைப் பார்த்தாள். அதுவும் யாரையோ பார்த்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

சேர் வரவுக்குப் பெயர் கூப்பிட்டு முடித்ததும் நுஸ்ரியா எழும்பினாள்.

"சேர், கப்பல் இல்லை."

"எந்தக் கப்பல்?"

"புத்தகத்தில. நான் அதை வாசிக்காமலே சிபாரிசு செய்தனான். கப்பல், கொள்ளைக்காரர், முத்துமாலை எல்லாம் நானாச் சொன்னது. சுவேதினி சரியாத்தான் வாசிச்சவள். அவள் மட்டும்தான் வாசிச்சவள்." அவள் சுவேதினியின் பக்கம் திரும்பினாள். "நீ என்னட்டை வந்து பக்கம் கேட்ட நேரமும் நான் பொய் சொன்னனான். மன்னிச்சுக்கொள்."



றோய் சேர் இருமினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"அவள் மட்டும்தான் எண்டது..." என்றார் மெதுவாக, "சரிதான். பெட்டி வந்த நாளிலயிருந்து நானும் இந்தப் புத்தகத்தை வாசிக்கேல்லை. வாசிச்சிருந்தால் திங்கட்கிழமையே பிடிச்சிருப்பன்."

இப்போது வகுப்பில் சிவந்த காதுகள் நான்கு.

சுவேதினி சிரிக்கவில்லை. "மூண்டு தரம் வாசிச்சனான்," என்றாள் நுஸ்ரியாவிடம்.

"ஓம்."

"விரல் நொந்தது."

நுஸ்ரியா அந்த விரலைப் பார்த்தாள். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"புத்தகத்தைத் தா," என்றாள் சுவேதினி. அதை வாங்கிக்கொண்டு நேரே முன்னால் போய் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள்.

"இது விடத்தல்தீவு அன்ரோனெற் எழுதின புத்தகம். இதில கப்பல் இல்லை."

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கதையைத் திக்கித் திக்கிச் சொன்னாள். கொண்டக்டர் மாறிப் போகும் இடம் வந்ததும் நின்றாள்.

"கழுதை வந்து நிண்டுகொண்டே இருக்குது. அவர் மாறிப் போயிட்டார் எண்டு எல்லாருக்கும் தெரியும். கழுதைக்கு ஆர் சொல்லுறது?"

றிபாத் மூக்கை உறிஞ்சினான். "தடிமன் பிடிச்சிருக்கு," என்றான், யாரும் கேட்காமலே.

அவள் முடித்ததும் புத்தகம் வாங்க நின்ற வரிசை வகுப்பறையைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாலத்தையும் தாண்டி முருங்கனுக்கே போயிருக்கும். முன்னால் புகுந்து நின்றவர் றோய் சேர்.

"சேர், வரிசையில நில்லுங்கோ!" என்றாள் சுவேதினி. சேர் பின்னால் போனார்.

சுவேதினி நுஸ்ரியாவோடு சில நாள் கதைக்கவில்லை. நுஸ்ரியாவும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஓர் இடைவேளையில் சுவேதினி தன் மாங்காய்த் துண்டில் பாதியை அவளிடம் நீட்டினாள். அதில் உப்பும் மிளகாய்த்தூளும் நிறைய இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று நுஸ்ரியா இன்றைக்கும் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒரு புது வழக்கம் வந்தது. யார் எந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்ய எழும்பினாலும் பின்வாங்கிலிருந்து ஒரு கேள்வி வரும்: "கப்பல் இருக்கா?"

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நுஸ்ரியா சேரிடம் தானே கேட்டு இன்னொரு தடவை எழும்பினாள். கையில் முசலிக்காரர் ஒருவர் எழுதிய புத்தகம். அதன் ஓரங்கள் மடிந்து கசங்கியிருந்தன.

அவள் வாயைத் திறக்குமுன்னே முழு வகுப்பும் கேட்டது: "கப்பல் இருக்கா?"

"கப்பல் இல்லை," என்றாள் நுஸ்ரியா. "ஒரு வள்ளம் இருக்கு. பத்தொன்பதாம் பக்கத்தில."

சுவேதினி எழும்பி வந்தாள். புத்தகத்தை வாங்கி, பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, அவசரப்படாமல் வாசித்தாள்.

வகுப்பு காத்திருந்தது. நுஸ்ரியாவும் காத்திருந்தாள்.

சுவேதினி நிமிர்ந்தாள்.

"ஓம்," என்றாள். "வள்ளம் இருக்கு."