வெட்டிய பெயர்

பேகம்பூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது நசீம் பானுவின் ஒலிப்பதிவுக்கூடம். உச்சிவெயிலில் படியேறி வந்த சடையாண்டி, எழுபத்தைந்து வயதிலும் கைப்பிடியைத் தொடவில்லை.

"போன் பண்ணியிருந்தா நானே கீழ வந்து வாங்கியிருப்பேன்லய்யா?"

"எங்க தாத்தா சொத்த நான்தான் சுமக்கணும்."

துண்டில் சுற்றியிருந்த இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தார். கன்னிவாடி வீரணப் பாகவதர் பாடியது. மறுநாள் பாகவதருக்கு விழா. அரங்கில் இந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

கதவைச் சாத்தியதும் தெருச்சத்தம் அற்றுப்போனது. ஊசி இறங்கியது. தட்டின் பழைய அரக்கு வாசம். பாகவதரின் குரல் கணீரென்று எழுந்தது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஓர் அதட்டல்.

"ஏலே, காப்பிரி!"

உடனே கூட்டமாய்ச் சிரிப்பு.

நசீம் பானு பாட்டை நிறுத்தினாள். "கறுப்பு மனுசங்கள ஏசுற வார்த்தைய்யா இது. மறைக்க வேணாம். அந்தக் காலத்துல இப்படிப் பாடுனது தப்புன்னு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசி வச்சிருவோம்."

"எங்க தாத்தா தப்புப் பண்ணாருன்னு நானே தமுக்கடிக்கவா? வெட்டிரு தாயீ."

"யாரையோ நிப்பாட்டி வச்சுக் கூப்புடுற மாதிரியில்ல இருக்கு?"

அது யாரென்று சடையாண்டிக்குத் தெரியும். பாகவதரின் ஆர்மோனியப் பெட்டியைச் சுமந்த ஆள். கன்னங்கரிய நிறம், சுருட்டை முடி. அந்தப் பட்டத்தை வைத்தவரே பாகவதர்தான். பதிவின்போதும் அவனை எதிரே நிறுத்தித்தான் பாடினாராம். சடையாண்டியின் அப்பா அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அவனுடைய சொந்தப் பெயரை மட்டும் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"வெட்டுன்னா வெட்டு."

கணினியில் ஏற்றிய பாட்டிலிருந்து அதை வெட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். அதட்டல் இல்லை. சிரிப்பும் இல்லை.

அந்த இடத்தில் அடங்கிய குரலில் யாரோ பேசினார்கள்.

"இருக்கேன் எஜமான்."

நசீம் பானு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இது முன்னாடி இல்லையேய்யா..."

"அதையும் வெட்டு."

வெட்டினாள். கணினித் திரையில் ஒலிக்கோடு தட்டையாக ஓடியது. ஒலிபெருக்கி ஊமையாக நின்றது.

"இருக்கேன் எஜமான்."

இம்முறை சடையாண்டியின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. தொண்டை வறண்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"சிவனம்மா, செத்த தண்ணி கொண்டா."

"வாரேன் எஜமான்."

பிடரியில் மூச்சுப் பட்டது. சுமைக்காரனின் வியர்வை வாசம்.

அவருடைய நிமிர்ந்த முதுகு முதல்முறையாக வளைந்தது.

"உம் பேரு என்னப்பா?"

"எஜமான் வீட்டுல வச்ச பேருதான்." குரலில் கோபமே இல்லை. "அதையும் வெட்டிட்டீகளே. இனி யாரு பேரச் சொன்னாலும் நாந்தான வரணும்?"

விழாவில் இசைத்தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் மாலை முன்வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பாகவதரின் பேரன், பெரியவர் சடையாண்டி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

எழ முயன்றார். கால்கள் அசையவில்லை. வாயும் திறக்கவில்லை.

ஒலிபெருக்கியில் பதில் வந்தது. அவருடைய குரலிலேயே.

"இந்தா வந்துட்டேன்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

சிவனம்மாளும் எழுந்து நின்று, மேடையைப் பார்த்துப் பெருமையோடு கைதட்டிக்கொண்டிருந்தாள்.