மணலில் அலைக்கோலம்

ஆலெய்டா கீழே இறங்கியபோது கூடத்து மணல் ஏற்கெனவே கூட்டியிருந்தது. லெய்டன் நகரில் வீட்டுத் தரையில் தூவும் மணலைத் துடைப்பத்தால் கோலமாக இழுப்பதில் ஒவ்வொரு வேலைக்காரிக்கும் ஒரு தனிக் கை உண்டு. இது அலை அலையாகப் போயிற்று. ஹில்லேயின் கை.

ஹில்லே போன மாதம் வாய்க்காலில் பிணமாக மிதந்தவள்.

மூலையில் அவள் உருவம் மட்டும் நின்றது. ஆளுயரத்துக்குப் பலகையில் வரைந்து, விளிம்போடு அறுத்தெடுத்த ஓவியம். கையில் துடைப்பம், குனிந்த தலை. வருகிறவர்கள் நிஜமென்று ஏமாறுவதைப் பார்த்துச் சிரிக்க மகன் யோரிஸ் செய்வித்தது. வீட்டில் காணாமல் போன வெள்ளிக் கரண்டியைத் திருடியவனும் அவன்தான். அது ஆலெய்டாவுக்கு அன்றே தெரியும். ஆனாலும் குடும்பப் பெயர் கெடக்கூடாதென்று ஹில்லேயைத் தெருவில் நிறுத்தித் திருடி என்றாள்.

"கூலிகூட வேணாம்மா. நான் திருடலன்னு நாலு பேர் கேக்கச் சொல்லுங்க, போதும்" என்று அவள் கெஞ்சினாள். ஆலெய்டா சொல்லவில்லை.

மீன்காரி மாக்டெல்ட் வாசலில் கூடையை இறக்கினாள்.

"புதுசா வந்தவளுக்கு ராங்கி ஜாஸ்திதான். விடியக்காலைல உங்க படியைக் கழுவிக்கிட்டிருந்தா. கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்ல. தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்."

புதிதாக யாரையும் வைக்கவில்லை. ஆலெய்டா மீன் வாங்காமல் கதவைச் சாத்தினாள். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பின்புறம் வெறும் மரம்.

குளிர்காலப் பொழுது சீக்கிரமே மங்கியது. கணப்பில் கரி புகைந்தது. அந்தப் புகைக்கு அடியில் வாய்க்கால் சேற்றின் வாடை மெல்ல மெல்ல ஏறி அறையை நிறைத்தது. எங்கோ ஒரு சத்தம். சரக். சரக்.

பலகையைத் திருப்பினாள். முன்புறமும் வெறும் மரம். ஈர மரம்.

எப்போதும் மணல் தூவாத மாடிப்படிகளில் இப்போது மணல் கிடந்தது. படிக்குப் படி அலைக்கோலம். யோரிஸின் அறைவரை. உள்ளே துடைப்பச் சத்தம்.

ஹில்லே திருடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆலெய்டாவுக்கு அது தெரிந்தது. முதுகை நிமிர்த்தினாள்.

"எங்க குடும்பத்துல திருடன் கிடையாது."

சத்தம் நின்றது.

கதவு தானாகத் திறந்தது. யோரிஸ் நின்றான். விளிம்போடு அறுத்த பலகையாக. கையில் வெள்ளிக் கரண்டி. வண்ணம் இன்னும் காயவில்லை.

கண்கள் மட்டும் அசைந்தன.