தகர மூடியில் நாலு பேர்

பூட்ஸைக் காணவில்லை.

சங்கையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தான். பிஸ்கட் டப்பா மூடியில் நின்ற நாலு ஈயச் சிப்பாய்களுக்கும் போன மாதம் கறுப்பு பூட்ஸ் தீட்டியவன் அவன்தான். இப்போது நாலு பேரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

அசதியாக இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை, சீசன் முடிகிறவரை ரெட்டை ஷிப்ட், கண்ணுக்குள் மணல் கொட்டினது போல எரிச்சல். இந்தச் சனிக்கிழமைதான் லீவு. பொண்டாட்டி பாண்டிச்செல்விக்கு அதுவும் இல்லை; காலையிலேயே வேனேறி அதே கம்பெனிக்குப் போய்விட்டாள், பதினேழாம் நம்பர் மருந்து ரூமுக்கு.

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் சாப்பாட்டு மேசை மேல் விரித்திருந்த போர்க்களம். இந்தப் பக்கம் பாளையக்காரர் படை, அந்தப் பக்கம் சிவப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரக் கம்பெனிப் படை, எல்லாம் விரல் உயரப் பொம்மைகள். பகடை உருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்துவார்கள். எதிராளி அச்சாபீஸ் செல்லப்பாண்டி இருநூறு வருசத்துச் சண்டை சலித்துப்போய், வானத்திலிருந்து இறங்கிய மூன்றுகால் யந்திரம் ஒன்றைச் சேர்த்திருந்தான். அது சுட்டால் சாண் வட்டத்துக்குள் காலம் நின்றுவிடும்; உள்ளே மாட்டினவர்களை மூடியில் எடுத்து வைத்து, இரண்டு சுற்று கழித்துத் திரும்ப வைக்கவேண்டும்.

"ஏலே, அஞ்சு பேருல்ல மாட்டுனாங்க? நாலத்தான் எடுத்துருக்க?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த செல்லப்பாண்டி.

"கைப்பழக்கம்லே."

"இது என்ன மருந்து ரூமா, நாலு பேருக்கு மேல ஆகாதுங்கதுக்கு?"

"இருக்கட்டும். உருட்டு."

அஞ்சாவது ஆளை எடுக்கக் கையை நீட்டும் தெம்புகூட இல்லை.

வெளியே வெயில் மங்கி, மழை வருவதற்கு முந்தின புழுக்கம் வீட்டுக்குள் இறங்கியது. கரண்ட் போய் மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றபோது, அந்த அமைதியில் ஒரு வாடை மெல்ல எழுந்தது. சாயங்காலம் பாண்டிச்செல்வி சேலைக்கு மேலிருந்து கழற்றிப் போடுகிற அவனுடைய பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையில் அடிக்குமே, கந்தகமும் அலுமினியப் பவுடரும் வேர்வையும் கலந்த வாடை, அதேதான். மூடியிலிருந்து வந்தது.

சிவப்புக் கோட்டுகள் வெளுத்திருந்தன. அவற்றில் ஒன்றில் நீலக் கட்டம். தலையில் தொப்பி இல்லை, துண்டு.

"நீ வரைஞ்சியாலே?" என்றான் செல்லப்பாண்டி.

"இல்ல."

செல்லப்பாண்டி எழுந்தான். "ஆபீஸுல காலண்டர் லோடு நிக்குது..." சொல்லி முடிக்கவில்லை. வாசலைத் தாண்டிவிட்டான்.

சங்கையா குனிந்தான். நீலக் கட்டத்துக்கு முகம் வந்திருந்தது. இடது புருவத்தில் தழும்பு. மூக்குத்தி.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் வாட்ச்மேன் கருப்பணனைக் கேட் போனில் அழைத்தான்.

"கருப்பணா, பதினேழுல பொம்பளையாளுக இருக்காகளான்னு பாரு. ஓடு."

மறுமுனையில் போனை மேசையில் வைக்கிற சத்தம். ஓடுகிற கால். பிறகு காற்று மட்டும். எம்புட்டு நேரம் என்று தெரியவில்லை.

"போர்மேன் அண்ணே... நாலு பேரு இருக்காக."

சங்கையாவுக்கு மூச்சு வந்தது.

"மதினி இல்லண்ணே. நாலும் ஆம்பளைக. செகப்புக் கோட்டு. கண்ணு சிமிட்ட மாட்டேங்காக. தொட்டேன். கையில பெயிண்டு ஒட்டுது."

திரும்ப வைக்க இன்னும் இரண்டு சுற்று. எதிர்ப்பக்கம் உருட்ட ஆளில்லை. இருந்தும் பகடையை எடுத்தான், உருட்டினான். மறுபடி உருட்டினான். ஒன்றும் நடக்கவில்லை.

அவளையாவது கையில் எடுத்துவிடலாம்.

விரல் மூடிக்கு மேலேயே நின்றது.

அவள் காலடியில் சாம்பல் நிறப் பொடி. மூடி முழுக்க. இருபத்தாறு வருசம் பார்த்த பட்டாசு மருந்து. உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். இரும்பில் உரசவே கூடாது.

மூடி இரும்புத் தகரம்.

"செல்வி," என்றான், உதடு அசையாமல். "அசையாத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனைக் கண்டுகொண்டாள். வாய் திறந்தது, சத்தம் இல்லை. இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டிக்கொண்டு, ஈயக் காலை இழுத்து ஒரு அடி வைத்தாள்.

கிரீச்.

அடுத்த காலைத் தூக்கினாள்.