பந்தலுக்கு அப்பால் அசைந்த கை

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆடி மாதம், கிராம நர்ஸ் ஷீபா காமயகவுண்டன்பட்டிக்கு மாற்றலாகி வந்தபோது, ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டத்து மேட்டு வீடுதான் வாடகைக்குக் கிடைத்தது. டவுன் பஸ் இறக்கிவிட்டுப் போனதும் பந்தல்களுக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே மிஞ்சியது. மருந்தடித்த இலைகளின் வாடை அறைக்குள்ளும் வந்தது.

பகலெல்லாம் குழந்தைகளுக்கு ஊசி போடுவாள். வீடு திரும்பினால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வடுகபட்டியில் அம்மா செத்த பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் யாருமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், பந்தலுக்கு அப்பாலிருந்த மாடி வீட்டு ஜன்னலில் வயதான பெண் ஒருத்தி தெரிந்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை அசைத்தாள்.

வா என்கிறாள்.

ஷீபா சிரித்துக் கையாட்டினாள். பிறகு தினமும் ஐந்து மணிக்கு அந்தக் கை அசைந்தது. அதற்காகவே அவள் வேலையை வெரசாக முடித்துக்கொண்டு வந்தாள். நாளாக ஆக அசைவு வேகமெடுத்தது. ஒருநாள் இரண்டு கைகளாலும்.

கூப்பிட்டும் போகாததால் கோபம் போலும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிளம்பினாள்.

மாடி வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் பக்கத்துக் குடிசை மொக்கம்மாள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரத் தேடுறீக நர்சம்மா?”

“மாடியில இருக்காகளே, அந்தம்மாவ.”

மொக்கம்மாள் கையிலிருந்த தழை நழுவியது.

“அவுக செத்து ஆறு வருசமாச்சே! பேச்சு வராது, எல்லாம் சாடைதான். உசுரோட இருந்தப்ப, நீங்க இருக்க வீட்டுக்கு யாரு குடிவந்தாலும், அந்த வீடு ஆகாதுன்னு சன்னல்ல நின்னு போ, போன்னு வெரட்டுவாக.”

“வான்னுல்ல கூப்பிட்டாக?”

“எட்ட நின்னு பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும் தாயி.”

ஷீபா திரும்பினாள். பந்தலின் பச்சைக்கு மேலே அவள் வீடு. பூட்டிய வீட்டின் சாவி அவள் கையில்.

காற்று நின்றிருந்தது.

அவளுடைய ஜன்னலில் யாரோ நின்றார்கள்.

“அங்கன என்னத்தப் பாக்குறீக? ஒண்ணுமில்லையே,” என்றாள் மொக்கம்மாள்.

அந்த உருவம் கையை முன்னே நீட்டியது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. சந்தேகத்துக்கே இடமில்லை. இத்தனை நாளில் இந்த ஊரில் அவளை வா என்று கூப்பிட்டது அது ஒன்றுதான்.

ஷீபா நடக்கத் தொடங்கினாள்.

“நர்சம்மா! ஏ தாயி, போகாதீக!”

அவள் திரும்பவில்லை. பூட்டிக் கிடந்த மாடியில், மூடிய ஜன்னல் கதவை உள்ளேயிருந்து இரண்டு கைகள் படபடவென்று அறையத் தொடங்கின.