இரண்டாவது வெளிச்சம்

வண்டி நின்றுகொண்டிருந்தது. சாவி அவள் கையில் இருந்தது. ஆனாலும் அந்தக் கருவி கத்தியது.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலி அவள். நோயாளிகளுக்கு 'சிஸ்டர்', கூட வேலை செய்கிறவர்களுக்கு 'ராக்கெட்'. ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு, பாவம் பேச ஆளில்லை என்று சற்று உட்கார்ந்துவிட்டால், அடுத்த வீட்டுக்குப் பறந்துதான் போக வேண்டும். அப்படிப் பறந்ததில் மூன்று முறை அபராதம் வந்தாயிற்று. இன்னொன்று வந்தால் லைசென்ஸ் போய்விடும். அதோடு வேலையும் போய்விடும். முதுகொடிந்து படுத்திருக்கும் கணவனும் பள்ளிக்கூடம் போகும் மகளும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

அதனால்தான் மெக்கானிக் தம்பி இந்தக் கருவியைக் கொண்டுவந்து காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டினான். வேகத்தை அளக்க யாராவது வண்டியைக் குறிவைத்தால் அது கீச்சிடும். எந்தப் பக்கமிருந்து என்று சிவப்பு அம்புக்குறி காட்டும்.

இப்போது அம்பு பின்பக்கம் காட்டியது. திரும்பிப் பார்த்தாள். நோயாளி வீட்டின் பாசி படிந்த மதில்தான் இருந்தது. தம்பிக்குப் போன் செய்தாள்.

"நிக்கிற வண்டியில கத்துதுடா."

"பக்கத்துல ஏதாவது தானா திறக்கிற கதவு இருக்கும்க்கா. அதுக்கும் கத்தும்."

"பின்னாடி வெறும் சுவர்டா."

"நீ ஓட்டுற ஓட்டத்துக்கு அந்தக் கருவிக்கே பயம் பிடிச்சிருக்கும். தாயத்து கட்டி விடு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வண்டியைக் கிளப்பினாள்.

ஏரிக்கரைச் சாலையில் ஏறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக அழுகிய இலையின் வாடையும் சேற்று நீரின் வாடையும் உள்ளே வந்து, அவள் விரல்களில் ஒட்டியிருந்த கிருமிநாசினி நெடியோடு கலந்து தொண்டையைக் கரித்தன. வைப்பரின் தேய்ந்த ரப்பர் கண்ணாடியில் இழுபட்டு முனகியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள், நடுவே வீடு வரைக்கும் நேராக நீளும் சாலை. அந்தச் சாலையின் மூன்று கேமராக் கம்பங்களும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கம்பம் வந்தால் பசு, தாண்டினால் புலி. இத்தனை நாள் அப்படித்தான் காலம் தள்ளினாள்.

கருவி மறுபடி கத்தியது. பின்பக்கம்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு விளக்கும் இல்லை. இருந்தாலும் வேகத்தைக் குறைத்தாள். கீச்சொலி நெருக்கமாயிற்று. இன்னும் குறைத்தாள். இன்னும் நெருக்கமாயிற்று.

முன்னால், 'உங்கள் வேகம்' என்று எழுதிய பலகையில் அவளுடைய நாற்பது ஒளிர்ந்தது. அதற்குச் சற்று முன்னாலேயே ஓரங்கட்டி நிறுத்தினாள். எண் அணைந்துவிடும், மனம் ஆறிவிடும் என்று நினைத்தாள்.

அணையவில்லை.

நாற்பத்தாறு. ஐம்பத்தொன்று.

திரும்பிப் பார்த்தாள். பின்விளக்கின் சிவப்பு ஈரத்தாரில் வழிந்து கிடந்தது. அதற்கப்பால் சாலை காலி.

அறுபத்து மூன்று.

அப்போதுதான் கேட்டது. இன்ஜின் சத்தம் இல்லை. காயத்திலிருந்து பிளாஸ்திரி உரியும் சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். தார்ச்சாலையில், விடாமல், வேகமாக.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

முதல் கம்பம் வந்தது. குறைக்கவில்லை. பின்னாலிருந்து கேமரா வெளிச்சம் வெள்ளையாக வெட்டியது. 'போச்சு,' என்று நினைத்தாள், 'லைசென்ஸ் போச்சு.' அழுகை முட்டியது. அந்த மூச்சை விடுவதற்குள் அவளுக்குப் பின்னால், யாரும் இல்லாத சாலையில், கேமரா இரண்டாவது முறை வெட்டியது.

அவளுக்கு ஒன்று. அவளைத் துரத்துவதற்கு ஒன்று.

போன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, எங்கம்மா இருக்க? அப்பா கேக்கறாரு. நான் வாசல்ல நிக்கறேன்."

"உள்ள போ."

"என்னம்மா சத்தம் அது?"

"உள்ள போடி! கதவைச் சாத்து! நான் வந்தாலும் திறக்காத!"

"கேக்கலம்மா... ஒரே கீச்சு கீச்சுங்குது..." இணைப்பு அறுந்தது.

இரண்டாவது கம்பம். வெளிச்சம். இமைப்பதற்குள் மறுபடி வெளிச்சம்.

திரும்ப வழியில்லை. நிறுத்த முடியாது. கீச்சொலி இப்போது ஒரே கோடாய் நீண்டது.

மூன்றாவது கம்பம்.

ஒரே ஒரு வெளிச்சம்.

காத்திருந்தாள். இன்னொன்று வரவில்லை. கருவி ஓய்ந்தது. அளக்க இனி இடைவெளி இல்லை.

பின்சீட்டின் தோல் மெல்ல அமுங்கியது. சேற்று வாடை. பெல்ட்டை இழுக்கும் சத்தம்.

கிளிக்.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

தெருமுனை. வீடு. வாசல் விளக்கின் கீழே பள்ளிச் சீருடையில் மகள். தாண்டிப் போய்விட வேண்டும். எங்கேயாவது. வீட்டைத் தாண்டி. முழு பலத்தோடு மிதித்தாள். மிதி தரையைத் தொட்டது. வண்டி மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. வாசலில் நின்றது.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மகள் ஓடி வந்தாள். அம்மாவின் பக்கம் வரவில்லை. பின்கதவருகே குனிந்து உள்ளே பார்த்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது. பெரியவர்களுக்கு வழிவிடுவதுபோல ஓரமாக ஒதுங்கி, இரண்டு கையாலும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வாங்க," என்றாள். "அப்பா உள்ளதான் படுத்திருக்காரு."