பகவதிப்பெருமாள் சாரை நிறுத்திய காவல்காரன்

சீதாலக்ஷ்மி செய்த கம்ப்யூட்டர் விளையாட்டில் படமே கிடையாது. எழுத்துதான். திரையில் ஒரு வரி வரும். நாம் பதில் அடித்தால் கதை அந்தப் பக்கம் நகரும். இடம் அவள் வசிக்கும் திருவனந்தபுரம்தான். வருஷம் 1930.

பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு பகவதிப்பெருமாள் சார். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணி போர்த்தி, பெரும்பாலும் அந்தத் துணியைத்தான் பாதுகாத்துவந்தார்.

"அடுத்த வாரம் கண்காட்சி. ஹீரோ ராஜாதானே?" என்று கேட்டார்.

"இல்ல சார். யார் விளையாடறாங்களோ அவங்கதான்."

"ராஜா இல்லாத சரித்திரமா? மோசம், கேட்டோ," என்று மலையாளம் கலந்து சொன்னார்.

முதலில் விளையாட சீதா கூப்பிட்டது பக்கத்து இருக்கைத் தோழி கலைச்செல்வியை. கலையின் அப்பா வள்ளியூர் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார்.

'கோயில் வாசலில் நிற்கிறாய். என்ன செய்கிறாய்?' என்றது திரை.

'உள்ளே போ' என்று கலை அடித்தாள்.

'உள்ளே போனாய். பாயசம் கிடைத்தது.'

கலை விரலை எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, இது முப்பதாம் வருஷம்தான? அப்போ எங்க ஆளுங்கள உள்ள விடமாட்டாவளாம். தெருவுலகூட நடக்க விடலன்னு அப்பா சொல்லிருக்காவ. என்னை மட்டும் எப்படி விட்டாவ?"

சீதாவுக்கு முகம் சுட்டது. 1936இல்தான் எல்லாருக்கும் கோயில் திறந்தது என்ற பாடத்தில் முழு மார்க் வாங்கியவள் அவள். ஆனால் விளையாட்டை எழுதியபோது, வாசலில் தன்னைத்தான் நிறுத்திப் பார்த்திருந்தாள்.

அவசரமாக மாற்றினாள். 'காவல்காரன் தடுக்கிறான். ஆட்டம் முடிந்தது.'

"இப்ப சரியா இருக்கோல்லியோ?"

"சரிதான்," என்று கலை எழுந்துவிட்டாள். "கண்காட்சிக்கு நான் வரல. நீயே விளையாடு."

சீதா அந்த வரியைத் திரும்பப் படித்தாள். பொய் இல்லைதான். ஆனால் தோழியை முதல் வரியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கலையிடம் போனாள்.

"வாசலுக்கு வெளியில என்ன இருந்திருக்கும்? எனக்குத் தெரியலடி. நீயும் சேர்ந்து எழுதறியா?"

கலை ஒரு வாய் சோற்றை மென்று முடித்தாள். "வெயில் இருக்கும். கோவமா நெறய பேரு இருப்பாவ. சும்மாவா நிப்பாவ? பேசுவாவ, கூட்டம் போடுவாவ."

"அப்போ கதையே அங்கதான் ஆரம்பிக்கறது. எல்லாருக்கும்."

கண்காட்சியில், இருவரும் சேர்ந்து எழுதிய விளையாட்டுக்கு முதல் ஆளாக உட்கார்ந்தவர் பகவதிப்பெருமாள் சார்.

'உள்ளே போ.'

'காவல்காரன் தடுக்கிறான்.'

'நான் பகவதிப்பெருமாள், எம்.எஸ்சி.'

'வெளியே நில் என்கிறான்.'

'கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர்.'

'அந்தச் சொல் காவல்காரனுக்குப் புரியவில்லை.'

பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு இவன் தடுக்கறான்?"

"ஒண்ணும் செய்யல சார்," என்றாள் கலை. "அங்க நிக்கிற யாருமே ஒண்ணும் செய்யல."

சார் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்தார். "பின்னே எப்படி உள்ளே போறது?"

"தனியா போக முடியாது சார். பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட பேசிப் பாருங்க."

கலை தன் ஸ்டூலில் நகர்ந்து பாதி இடம் விட்டாள். சீதா அதில் ஒட்டிக்கொண்டாள்.

சார் ஒற்றை விரலால் மெல்ல அடித்தார்:

'வணக்கம். என் பெயர் பகவதிப்பெருமாள். நானும் உங்களோடு நிற்கலாமா?'