எஸ்தர் எழுதிய ‘அள்ளு’

விடிந்ததும் விடியாததுமாகப் புதுத்துறை மக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு காற்றுப் பிடிக்க வரிசையில் நின்றார்கள். செவ்வாய்க் கிரகத்தில் காற்று குழாயில்தான் வரும். ஆளுக்கு நாலு குடம். அன்று குழாயைத் திறந்தும் வரவில்லை. பாறையிலிருந்து மூச்சுக்காற்றைப் பிரித்துத் தரும் ‘காற்றூற்று’ இயந்திரம் நின்றுபோயிருந்தது.

ஊரின் கணினிப் பொறுப்பு எஸ்தருடையது. “இருக்கிற காத்து எட்டு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள ஏதாவது செய்யி தாயி,” என்றார் ஊர்த்தலைவர் தஸ்நேவிஸ்.

பழுதுபார்க்கும் கையேடு பூமியின் சேவையகத்தில் தொண்ணூறு துண்டுகளாகக் கிடந்தது. ஒரு துண்டைக் கேட்டு வாங்க நாற்பது நிமிடம். ஒவ்வொன்றாகக் கேட்டால் அதற்குள் ஊரே போய்ச் சேர்ந்துவிடும். எஸ்தர் கட்டளைத் திரையில் ‘அள்ளு’ என்றொரு செயற்கூறு எழுதினாள். சேவையகத்தின் முகவரியையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் தொண்ணூறையும் ஒரே மூச்சில் கேட்கும். அரைகுறையாக வந்ததை மட்டும் மறுபடி கேட்கும். அவசரத்தில் பெயரைக் கொடுக்க மறந்து ஏவிவிட்டாள். நாற்பது நிமிடம் கழித்து, “எந்தக் கோப்பு?” என்று பூமி கேட்டது.

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஏவினாள். துண்டுகள் உடைந்து உடைந்து வந்தன. ஏழாவது மணியில்தான் கையேடு முழுசாக அவள் கைக்கணினியில் இறங்கியது. உரக்கப் படித்தாள்:

“ஊர்ச் சேமிப்பகம் நிரம்பினால் காற்றூற்று நின்றுவிடும். வேண்டாத கோப்புகளை அழிக்கவும்.”

சேமிப்பகத்தைத் திறந்தால், பூமியிலிருக்கும் சொந்தபந்தங்கள் அனுப்பிய காலை வணக்கப் படங்கள். ரோஜாப்பூவும் காப்பிக் கோப்பையுமாகக் கோடிக்கணக்கில். உரியவர் விரல் வைத்தால்தான் அவை அழியும்.

“சிலுவையம்மா அக்கா, உங்களோடது மட்டும் நாலு லட்சம். கொஞ்சம் அழிச்சிரட்டுமா?”

“ஏட்டி, எங்க மதினி மனசு கஷ்டப்படுவா,” என்றாள் பக்கத்து வீட்டுச் சிலுவையம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. “தலைவரோடத அழி.”

தலைவர் பலமாக இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் சண்டை போட்டார்களே தவிர, ஒரு விரலும் நீளவில்லை.

கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத பெரிய கோப்பு ஒன்று எஸ்தர் கண்ணில் பட்டது. பதினோரு வருடமாக ஒருவரும் திறக்கவில்லை. பெயர், ‘முதலில் இதைப் படிக்கவும்’. திறந்தாள். ஏழு மணி நேரம் பூமியிலிருந்து அவள் அள்ளிய அதே கையேடு.

“இது யாருக்காவது வேணுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம், அழி!” என்று ஊரே ஒன்றாகக் கத்தியது.

அழித்தாள். குழாய் புஸ்ஸென்று சீறியது. சிலுவையம்மா எஸ்தரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முதல் குடம் நிரம்புவதை தஸ்நேவிஸ் படம்பிடித்து, ‘காற்று வந்தாச்சு’ என்று எழுதி ஊரின் முந்நூறு பேருக்கும் அனுப்பினார். முந்நூறு பேரும் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றிருந்தார்கள்.

இரண்டாவது குடம் பாதியில் நின்றது.